காரட்டுக்கு நானூறு யூரோவா? காய்கறியை மையமாகக் கொண்ட பிரெஞ்சு உயர்தர உணவகம் குறித்து ஓர் எளிய விளக்கம்

பாரீஸ் நகரின் ஏழாம் வட்டாரத்தில், ரோதான் அருங்காட்சியகத்திற்கு அருகே, வரேன் தெருவில் இருக்கும் ஆர்பேஜ் என்ற உணவகத்தைப் பற்றிப் பேச்செழும்போது இரண்டு கருத்துகள் தவறாமல் வந்துவிடுகின்றன. வெறும் காரட்டையும் பீட்ரூட்டையும் தட்டில் வைத்து நானூறு யூரோ வாங்குகிறார்கள் என்ற ஏளனம் ஒன்று. அது சைவ உணவகம்தானே, நம்மவர்கள் தயங்காமல் போகலாமே என்ற நம்பிக்கை மற்றொன்று. முதற்கருத்து, விலை எதற்காக வாங்கப்படுகிறது என்பதைத் தவறாகப் புரிந்துகொள்கிறது. இரண்டாவது கருத்து 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் வரை பிழையாகவே இருந்தது. இன்று அது ஆர்பேஜுக்குப் பொருந்தினாலும், காய்கறிக்குப் பெயர்பெற்ற எல்லாப் பிரெஞ்சு உணவகங்களுக்கும் அதை நீட்டிவிட முடியாது.

இத்தகைய உணவகம் எவ்வாறு இயங்குகிறது, அங்கே காய்கறிக்கு என்ன செய்யப்படுகிறது, அங்கு உண்ணச் செல்பவருக்கு மேசையில் என்ன நேர்கிறது என்பவற்றை, ஆர்பேஜை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, சமையற்கலை படிக்காதவருக்கும் விளங்கும் வகையில் இக்கட்டுரை சொல்ல முயல்கிறது.

இலைக் கணக்கு

திருமணச் சமையல் ஒப்பந்தக்காரர் 'இலைக்கு இவ்வளவு' என்று விலை சொல்லும்போது, அது இலையில் விழும் கத்தரிக்காய்க்கும் பருப்புக்குமான விலை என்று யாரும் எண்ணுவதில்லை. சமையற்காரர் கூலி, பரிமாறுவோர் கூலி, பாத்திரம், எரிவாயு, வண்டி வாடகை எல்லாம் அதற்குள் அடக்கம். அப்படியிருந்தும் அந்த விலை கட்டுக்குள் நிற்பதற்குக் காரணம், ஒரே அண்டாவில் கொதிக்கும் சாம்பார் பல நூறு இலைகளுக்குப் போகிறது. ஒரே இருக்கையில் மூன்று, நான்கு பந்திகள் அமர்ந்து எழுகின்றன. ஓர் ஆள் ஒரு வாளியுடன் முழு வரிசைக்கும் பரிமாறிவிடுகிறார்.

இந்த மூன்றையும் தலைகீழாக்கினால் ஆர்பேஜின் கணக்கு கிடைக்கும். அங்கே ஓர் இருக்கை மதியம் ஒருமுறையும் இரவு ஒருமுறையும் மட்டுமே விற்பனையாகிறது. ஒருவர் மூன்று மணி நேரத்திற்கு மேல் அமர்ந்திருந்தாலும் அவரை எழுப்புவதில்லை. சனி, ஞாயிறு விடுமுறை. ஆனால் பாரீசின் மையப்பகுதிக் கட்டட வாடகைக்கு விடுமுறை கிடையாது. ஒவ்வொரு தட்டும் அந்த மேசைக்காகவே, அந்த நேரத்திலேயே சமைத்து அடுக்கப்படுகிறது. சமையலறை, பரிமாறும் கூடம், மதுக் கிடங்கு, தோட்டம் ஆகியவற்றில் வேலை செய்வோரைக் கூட்டினால், ஒரு வேளையில் உண்ணும் விருந்தினர் எண்ணிக்கைக்கு ஏறக்குறைய நிகராக ஊழியர் இருப்பது இத்தகைய உணவகங்களில் வியப்பான செய்தி அன்று. பிரான்சில் முழுநேர வேலையின் சட்டபூர்வ அளவு வாரத்திற்கு 35 மணி நேரம். ஊதியத்திற்கு மேல் முதலாளி செலுத்த வேண்டிய சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பும் கணிசமானது. ஆகவே விலையின் பெரும்பகுதி மனித உழைப்புக்கும் இடத்திற்கும் போகிறது.

இறைச்சியைவிடக் காய்கறி மலிவு என்பதால் காய்கறி உணவகத்தின் விலை குறைய வேண்டும் என்று வாதிடுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. நல்ல இறைச்சித் துண்டு ஒன்றை வாங்கி, உப்பிட்டு, வாட்டினால் ஒருவருக்கான முதன்மை உணவு முடிந்துவிடும். அதே தட்டில் பத்துக் காய்கறிகளை வைக்க வேண்டுமானால், பத்தையும் தனித்தனியே மண் போகக் கழுவி, தோல் சீவி, நறுக்கி, ஒவ்வொன்றையும் அதனதன் பதத்திற்கு வேகவைக்க வேண்டும். பட்டாணிக்கு இரண்டு நிமிடம் போதும், செலரி கிழங்குக்கு ஒரு மணி நேரமும் ஆகலாம். பொருளில் மிச்சமாகும் பணம் ஆள்கூலியில் போய்விடுகிறது.

2025இல் செய்திகளில் வெளியான விலைகளின்படி, ஆர்பேஜில் மதிய உணவு சுமார் 260 யூரோ. நீண்ட உணவு வரிசை சுமார் 420 யூரோ. மது தனி. இந்தத் தொகை பெரிதா என்று கேட்டால், பெரிதுதான். பெரும்பாலானோரின் கைக்கு எட்டாததுதான். அதைக் கண்டிப்பவரோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் கண்டனம் உழைப்பையும் இருக்கையையும் இவ்வளவு செலவில் ஒருவருக்காக ஒதுக்கலாமா என்ற கேள்வியாக இருக்க வேண்டும். காரட்டின் சந்தை விலையை வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வியில் பொருளில்லை.

சுருக்கமாகச் சொன்னால், இருக்கை ஒரு வேளைக்கு ஒருமுறை மட்டுமே விற்பனையாவதும், ஆள்பலம் மிகுதியாக வேண்டியிருப்பதும், காய்கறிக்கு இறைச்சியைக் காட்டிலும் கைவேலை கூடுதல் என்பதும் சேர்ந்தே விலையை உயர்த்துகின்றன.

காய்கறி மையம் வேறு, சைவம் வேறு

காய்கறி மையச் சமையல் என்று இங்கே குறிப்பிடுவது, உணவு வரிசையில் முதன்மை இடம் காய்கறிக்குத் தரப்படும் சமையலை. சமையலறையில் இறைச்சியோ மீனோ இல்லவே இல்லை என்பது அதன் பொருள் அன்று. இந்த வேறுபாடு புரியாமல்தான் பெரும்பாலான குழப்பங்கள் எழுகின்றன. இதன் வரலாற்றைச் சற்றுப் பார்த்தால் தெளிவு கிடைக்கும்.

பிரான்சின் நடுத்தென்பகுதி மலைநாடான ஓப்ராக்கில், லாகியோல் என்ற ஊரில் உணவகம் நடத்திய மிஷேல் ப்ரா, 1980ஆம் ஆண்டையொட்டி 'கார்குயு' என்ற தட்டை உருவாக்கினார். அந்தப் பருவத்தில் கிடைக்கும் காய்கள், கீரைகள், மூலிகைகள், பூக்கள் எனப் பல பத்து வகைகளைத் தனித்தனியே பக்குவப்படுத்தி ஒன்றாக அடுக்குவது அது. அதன் பழைய வடிவத்தில் உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை இறைச்சியின் சாறு சேர்ந்திருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1987இல் அலேன் டூகாஸ் என்ற சமையற்கலைஞர், மொனாக்கோவில் தாம் பொறுப்பேற்ற லூயி கேன்ஸ் உணவகத்தில் தென்கிழக்கு பிரான்சின் புரொவான்ஸ் பகுதித் தோட்டக் காய்களுக்கென்றே ஓர் உணவு வரிசையை அமைத்தார். அதே பட்டியலில் இறைச்சி வரிசைகளும் இருந்தன. பின்னர் 2014இல் பாரீசின் பிளாசா அத்தெனே விடுதியில் அவர் இறைச்சியை விலக்கிக் காய்கறி, தானியம், மீன் ஆகிய மூன்றின் மேல் சமையலை நிறுத்தினார். மூன்றுமே காய்கறியைக் கொண்டாடியவை. மூன்றில் ஒன்றும் சைவம் அன்று.

ஆர்பேஜின் கதையும் இவ்வாறே. பிரிட்டனி பகுதியில் 1956இல் பிறந்த அலேன் பஸார், தாம் முன்பு பணிபுரிந்த உணவகத்தை அதன் உரிமையாளரும் தம் ஆசானுமான செஃப் ஒருவரிடமிருந்து 1986இல் வாங்கி, ஆர்பேஜ் என்று பெயரிட்டார். இறைச்சியை நெருப்பில் வாட்டுவதில் அவர் பெயர்பெற்றவர்; 1996இல் மிஷ்லின் உணவக வழிகாட்டி நூலின் மிக உயர்ந்த மதிப்பான மூன்றாவது நட்சத்திரம் கிடைத்தது அந்தத் திறமைக்குத்தான். 2001இல், ஐரோப்பா 'மேட் கவ்' எனப்படும் மாட்டு மூளை நோய் அச்சத்தில் இருந்த காலத்தில், சிவப்பிறைச்சியைப் பட்டியலிலிருந்து நீக்குவதாக அவர் அறிவித்தபோது பலர் அதை நோய்க்கு அஞ்சிய முடிவென்று எடுத்துக்கொண்டனர். அவர் தந்த விளக்கம் வேறு: விலங்கின் உடலோடு தமக்கிருந்த படைப்புறவு தீர்ந்துவிட்டது என்றார். நட்சத்திரங்கள் பறிபோகும் என்று எதிர்பார்க்கப்பட்டது, மூன்றும் நிலைத்தன.

ஆனால் அதன் பிறகும் வெண்ணெய், பாலேடு, முட்டை ஆகியவை தாராளமாக இருந்தன. மீனும் பறவையிறைச்சியும் சிறு அளவில் இடம்பெற்றே வந்தன. முட்டை ஓட்டுக்குள் வெதுவெதுப்பான மஞ்சள் கருவையும் குளிர்ந்த பாலேட்டையும் சேர்த்து, ஷெர்ரி என்ற ஒயினில் செய்த காடியும் (வினிகர்) மேப்பிள் மரப் பாகும் விட்டுத் தரும் ஆர்பேஜ் முட்டை, அந்த உணவகத்தின் அடையாளமாகவே பல ஆண்டுகள் இருந்தது. 2025 ஜூலையில்தான் பஸார் இறைச்சி, மீன், பால், முட்டை எல்லாவற்றையும் விலக்கினார். தம் தேனீப் பெட்டிகளிலிருந்து வரும் தேன் ஒன்றே எஞ்சிய விலங்குப்பொருள்.

முழுத் தாவர உணவுக்கு நட்சத்திரம் கிடைப்பதும் அண்மைக்கால நிகழ்வே. தென்மேற்கு பிரான்சில் அர்க்காஷோன் விரிகுடாவை ஒட்டிய ஆரேஸ் ஊரில் கிளேர் வல்லே நடத்திய ஓனா உணவகம் 2021 ஜனவரியில் ஒரு நட்சத்திரம் பெற்றபோது, பிரான்சில் அப்படிப் பெற்ற முதல் முழுத்தாவர உணவகம் அதுவாக இருந்தது. அடுத்த ஆண்டே அது மூடப்பட்டது.

எலும்பின் மேல் கட்டிய சமையல்

பிரெஞ்சுச் சமையலில் இறைச்சியை நீக்குவது ஏன் இவ்வளவு பெரிய செய்தியானது என்பதை அறிய, அதன் உட்கட்டமைப்பை அறிய வேண்டும். சமையற்கலைஞர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே காலத்தில் ஒழுங்குபடுத்தப்பட்ட பிரெஞ்சு உயர்சமையலின் அடித்தளம் 'ஃபோன்' எனப்படும் எலும்புச் சாறு. கன்று, கோழி ஆகியவற்றின் எலும்புகளை மணிக்கணக்கிலும், மீன் எலும்புகளைக் குறைந்த நேரமும் கொதிக்கவைத்து வடித்த நீர் அது. காய்கறிச் சாறும் இருந்தது. ஆனால் அது ஓரத்தில்தான் இருந்தது. காய்கறியே 'கார்னித்யூர்', அதாவது இறைச்சிக்கு அருகில் வைக்கும் துணைப்பொருள் என்ற அளவில் நின்றது.

எலும்புச் சாறு இரண்டு காரியங்களைச் செய்கிறது. எலும்பிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் நீண்ட கொதிப்பில் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. ஜெலட்டின்தான் சாற்றைச் சுண்டவைக்கும்போது உதட்டில் ஒட்டும் கனத்தைத் தருகிறது. இறைச்சியிலிருந்து வெளிப்படும் குளுட்டமேட் முதலிய பொருள்கள், உமாமி என்று சொல்லப்படும், நாவில் நெடுநேரம் தங்கும் நிறைவான சுவையைத் தருகின்றன. எலும்பை எடுத்துவிட்டால் கனமும் போகிறது, நிறைவும் போகிறது. காய்கறி நீரைச் சுண்டவைத்தால் அது கெட்டியாவதற்கு முன் இனிப்பாகிவிடும்.

ஆகவே இரண்டையும் வேறு வழிகளில் கட்டியெழுப்ப வேண்டும். உமாமிக்குக் காளான், நன்கு பழுத்த தக்காளி, நிதானமாக வதக்கிய வெங்காயம், புளிக்கவைத்த பொருள்கள் கைகொடுக்கின்றன. கனத்திற்குக் காய்களின் மாச்சத்து, பழக்கூழை இறுகவைக்கும் பெக்டின் என்ற பொருள், கொட்டைகளை அரைத்த விழுது, எண்ணெயையும் நீரையும் பிரியாமல் கலக்கவைக்கும் பால்மக்கலவை ஆகியவை பயன்படுகின்றன. இந்தக் கடைசி வேலையைப் பிரெஞ்சுச் சமையலறையில் வழக்கமாகச் செய்வது வெண்ணெய். அதில் ஏறத்தாழ 82 விழுக்காடு கொழுப்பு, எஞ்சியதில் பெரும்பகுதி நீர், சிறிதளவு பாற்புரதம். கொழுப்பையும் நீரையும் அந்தப் புரதம் பிடித்து வைத்திருப்பதால்தான், சூடான சாற்றில் குளிர்ந்த வெண்ணெயைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அடித்தால் வழவழப்பான குழம்பு உருவாகிறது.

இதனால்தான், பரபரப்பாகப் பேசப்பட்ட 2001 முடிவைக் காட்டிலும் 2025 முடிவே துணிச்சலானது என்று எனக்குத் தோன்றுகிறது. இறைச்சி போனபோது வெண்ணெய் துணையிருந்தது. உப்பிட்ட வெண்ணெய்க்குப் பேர்போன பிரிட்டனியில் பிறந்த சமையற்காரர் ஒருவர் அதையும் விலக்கியபோது, சமையலறை தன் அரிச்சுவடியையே மாற்ற வேண்டியதாயிற்று.

தோட்டம் எதற்கு?

நட்சத்திர உணவகங்கள் தோட்டம் வைத்திருப்பதை விளம்பரம் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் தோட்டத்திற்கு ஒரு வேதியியல் காரணம் இருக்கிறது.

பறித்த பிறகும் காய்கறி உயிருள்ள பொருளே. அது மூச்சுவிடுகிறது, அதாவது தன் சர்க்கரையை எரித்து ஆற்றலாக்குகிறது. பச்சைப் பட்டாணியிலும் இனிப்பு மக்காச்சோளத்திலும் இதற்கு மேலாக மற்றொன்றும் நிகழ்கிறது: பறித்த நொடியிலிருந்து அவற்றின் சர்க்கரை மாச்சத்தாக மாறத் தொடங்குகிறது. வெப்பமான இடத்தில் ஒரே நாள் வைத்தாலும் இனிப்பில் கணிசமான பகுதி போய்விடும். தண்டுக்கீரை போல முளைத்தெழும் ஆஸ்பராகஸ் இவற்றைவிட வேகமாக மூச்சுவிடுவதால் விரைவில் நாராகிறது. இதற்கு மருந்தாக நாம் நினைக்கும் குளிர்ப்பெட்டி, தக்காளிக்குக் கேடு செய்கிறது. சுமார் 12 டிகிரிக்குக் கீழே சென்றால் மணத்தை உண்டாக்கும் அதன் நொதிகள் முடங்கிவிடுகின்றன. நிறம் இருக்கும், மணம் இருக்காது.

எனவே, அன்று பறித்ததை அன்றே சமைப்பது என்பது சுவையளவில் உண்மையான வேறுபாட்டைத் தருகிறது. பஸார் 2002இல் சார்த் பகுதியில், பாரீசிலிருந்து சுமார் 200 கிலோமீட்டருக்கு அப்பால், முதல் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர் நார்மண்டியின் யூர் பகுதியில் ஒன்றும், மோன் சேன் மிஷேல் விரிகுடாவை ஒட்டி ஒன்றும் சேர்ந்தன. சார்த்தில் மணற்பாங்கான நிலம்; காரட், ஆஸ்பராகஸ் போல நிலத்தில் இறங்கியோ நிலத்தைத் துளைத்தோ வளர்வனவற்றுக்கு இலகுவான மண். யூரில் களிமண், செலரி கிழங்கு, முட்டைக்கோஸ் போன்றவற்றுக்கு ஏற்றது. மூன்றாவது நிலம் கடலோர வண்டல். உழவுக்குக் குதிரையைப் பயன்படுத்துகிறார்கள். காலையில் பறித்த காய்கள் அதிவேக ரயிலில் பாரீசுக்கு வந்து, மதிய உணவுக்குள் சமையலறையை அடைந்துவிடுகின்றன.

இதன் விளைவு ஒன்றை விருந்தினர் மேசையில் உணர்வார். பட்டியல் முன்கூட்டியே உறுதியாவதில்லை. அன்று எது வந்ததோ அதுவே அன்றைய உணவு. பிப்ரவரியில் போய்த் தக்காளி கேட்டால் கிடைக்காது. கிழங்குகளும் வெங்காய இனத் தண்டான லீக்கும் முட்டைக்கோசும்தான் கிடைக்கும். ஓர் ஆண்டில் ஒருமுறை மட்டுமே போக முடியும் என்றால், மே முதல் செப்டம்பர் வரையிலான காலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து. குளிர்காலக் கிழங்குகளின் அருமை அறிந்தவர்கள் இதை மறுப்பார்கள்.

உப்புக்குள் ஒரு பீட்ரூட்

இதுவரை சொன்னவை எல்லாம் ஒரே தட்டில் எப்படி வந்து சேர்கின்றன என்பதற்கு ஆர்பேஜின் புகழ்பெற்ற உப்புமேலோட்டுப் பீட்ரூட்டைவிடச் சிறந்த சான்று இல்லை. செய்முறை எளிமையானது. தோல் சீவாத முழு பீட்ரூட் ஒன்றைக் கடற்கரை உப்பளத்தில் எடுத்த சாம்பல்நிறக் கல்லுப்பால் குன்றுபோல மூடி, அடுப்பில் சுமார் ஒரு மணி நேரம் சுட்டு, வெளியே எடுத்த பின்னும் உப்போடு அரை மணி நேரம் போல அப்படியே விட்டுவைப்பார்கள். உப்பு இறுகி ஓடாகிவிடும். அந்த ஓட்டை உடைத்து, பீட்ரூட்டை இறைச்சி போலத் துண்டுபோட்டு, முதிர்ந்த பால்சாமிக் காடி சில துளிகள் விட்டுத் தருவார்கள்.

இதில் நிகழ்வதைப் படிப்படியாகப் பார்க்கலாம். பீட்ரூட்டில் சுமார் 87 விழுக்காடு நீர். அதை நீரில் வேகவைத்தால் அதன் சர்க்கரையும் நிறமும் வெளி நீருக்குப் போய்விடுகின்றன. வேகவைத்த நீர் சிவப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். திறந்த அடுப்பில் சுட்டால் நீர் ஆவியாகித் தோலும் அதன் அடிப்பகுதியும் சுருங்கி வறண்டுவிடுகின்றன. உப்பு ஓடு இரண்டையும் தடுக்கிறது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கிவிடுவதால், பீட்ரூட் தன் சொந்த நீரின் ஆவியிலேயே வேகிறது. உப்பு அதிக எடை கொண்டிருப்பதால் மெல்லச் சூடேறி, மெல்ல ஆறுகிறது. ஆகவே வெப்பம் எல்லாப் பக்கத்திலிருந்தும் சீராக உள்ளே போகிறது. காய்கறி உயிரணுக்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின், சுமார் 85 டிகிரிக்கு மேல்தான் இளகத் தொடங்கும். மையப்பகுதி அந்த வெப்பத்தை எட்டி, அதில் போதிய நேரம் நிற்பதற்காகவே அடுப்புக்கு வெளியே வைக்கும் அந்த அரை மணி நேரம். தோல் சீவாததால் உப்பு அளவுக்கு மீறி உள்ளே இறங்குவதில்லை.

காடி எதற்கு என்பதற்கும் காரணம் உண்டு. பீட்ரூட்டின் மண்வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற சேர்மம். முதல்மழை நிலத்தில் விழும்போது எழும் மணத்திலும் இதே பொருள்தான் இருக்கிறது. பீட்ரூட்டைச் சிலர் வெறுப்பதற்கும் சிலர் விரும்புவதற்கும் இதுவே காரணம். அமிலத்தோடு சேரும்போது ஜியோஸ்மின் மணமற்ற பொருளாகச் சிதைகிறது. காடி சில துளிகள் விழுந்ததும் மண் பின்னுக்குப் போய் இனிப்பு முன்னுக்கு வருகிறது. அளவு கூடினால் பீட்ரூட்டின் முகமே மறைந்துவிடும், அதனால்தான் துளிக்கணக்கு.

இறைச்சி வாட்டுவதில் தேர்ந்த ஒருவர் காய்கறியை அணுகிய விதம் இதில் புலப்படுகிறது. பெரிய இறைச்சித் துண்டுக்கு உரிய மெதுவான சூடும், சுட்டபின் ஆறவைக்கும் பொறுமையும், மேசைக்கருகே கொண்டுவந்து வெட்டும் முறையும் அப்படியே பீட்ரூட்டுக்கு வழங்கப்பட்டன. இறைச்சியைப் போலத் தோன்றும், இறைச்சியைப் போலச் சுவைக்கும் போலிப் பொருள் எதுவும் அங்கே செய்யப்படவில்லை. தாவர இறைச்சி என்று சந்தையில் விற்கப்படுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

மொத்தத்தில், நீரை வெளியே விடாமல், வெப்பத்தை மெல்ல ஏற்றி, ஒரே ஒரு துணைச்சுவையால் காயின் இயல்பான சுவையைத் திருப்பிக் காட்டுவதே இங்குள்ள நுட்பம்.

மேசையில் நடப்பது

பட்டியலிலிருந்து தனித்தனியே தேர்ந்தெடுப்பது ஒரு முறை. சமையலறை தீர்மானித்த சிறு சிறு தட்டுகள் வரிசையாக வரும் சுவைத் தொகுப்பு இன்னொரு முறை. முதன்முறை செல்வோர் பெரும்பாலும் இரண்டாவதையே எடுக்கின்றனர். கேட்காமலேயே வரும் ஒருவாய் அளவுச் சிற்றுணவில் தொடங்கி, பச்சையாகவோ அரைவேக்காடாகவோ இருக்கும் மெல்லிய தட்டுகள், பின்னர் சாறு வகைகள், பின்னர் சுட்டவை, இறுதியில் இனிப்புகள் என்று எடை கூடிக்கொண்டே போவது பொதுவான ஒழுங்கு. தட்டு சிறிதாக இருப்பதைப் பார்த்துப் பசியோடு எழ நேரிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பத்துக்கு மேற்பட்ட தட்டுகள் வந்து முடியும்போது, கடைசி இனிப்பைத் தொட முடியாமல் திணறுவோரே அதிகம்.

காரமும் தாளிப்பும் எதிர்பார்த்துப் போனால் முதல் சில தட்டுகள் சப்பென்று தோன்றக்கூடும். அங்கே ஒரு தட்டில் ஒரு காயின் சுவையைத் தனித்துக் காட்டுவதே நோக்கம். மூன்றாவது, நான்காவது தட்டுக்குள் நாக்கு பழகிக்கொள்ளும். பழகாமலும் போகலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மதுவைப் பரிந்துரைப்பவர் சொம்மெலியே எனப்படுவார். மது அருந்தாதவர் வேண்டாம் என்று சொன்னால் போதும். காரணம் கூறத் தேவையில்லை. உணவகங்களில் உணவோடு கேட்கும் சாதாரணக் குழாய் நீருக்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது பிரான்சின் விதி. புட்டி நீரா, சாதாரண நீரா என்று பரிமாறுபவர் கேட்கும்போது தயங்காமல் சாதாரண நீர் என்று சொல்லலாம். பட்டியலில் அச்சிட்ட விலையிலேயே சேவைக் கட்டணமும் விற்பனை வரியும் அடங்கிவிடும். உணவுக்கு 10 விழுக்காடும் மதுவுக்கு 20 விழுக்காடும் வரி. அமெரிக்காவைப் போல இறுதியில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டியதில்லை. மகிழ்ச்சியாக இருந்தால் சிறிது வைத்துவிட்டு வருவார்கள், அவ்வளவே.

நட்சத்திரம் எதை அளக்கிறது?

மிஷ்லின் என்பது டயர் நிறுவனம். வண்டியோட்டிகள் அதிகம் பயணம் செய்தால் டயர் அதிகம் தேயும் என்ற வணிகக் கணக்கில் 1900இல் அது ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. 1926இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் தரத் தொடங்கி, 1931இல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிநிலையை ஏற்படுத்தியது. மூன்று நட்சத்திரம் என்றால், அந்த உணவகத்திற்காகவே ஒரு பயணம் மேற்கொள்ளலாம் என்று பொருள். பொருள்களின் தரம், சமையல் நுட்பம், சுவைகளின் இயைபு, சமையற்காரரின் தனித்தன்மை, ஒவ்வொரு முறையும் அதே தரம் ஆகிய ஐந்தையே கணக்கில் கொள்வதாக அந்நிறுவனம் சொல்கிறது. பெயர் வெளியிடாத ஆய்வாளர்கள் பணம் செலுத்தி உண்டு மதிப்பிடுகிறார்கள். கூடத்தின் அலங்காரத்திற்கு மதிப்பெண் இல்லை. உங்களுக்குப் பிடிக்குமா என்பதற்கும் அது பொறுப்பேற்பதில்லை.

சைவ உணவுக்காரர் கேட்டறிய வேண்டியவை

ஆர்பேஜ் இன்று தேனைத் தவிர விலங்குப்பொருள் எதையும் பயன்படுத்துவதில்லை என்பதால், அங்கே செல்லும் சைவருக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் காய்கறிக்குப் பெயர்பெற்ற வேறொரு பிரெஞ்சு உணவகத்திற்குச் செல்பவர், தட்டின் பெயரில் காய்கறி இருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. காளான் சாற்றின் அடியில் கோழி எலும்புச் சாறு இருக்கலாம். பழக்கூழ் இனிப்பு உறைவதற்கு ஜெலட்டின் சேர்த்திருக்கலாம். அது பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலிருந்து வருவது. மரபான பிரெஞ்சுப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலைத் திரிக்கப் பயன்படுவது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னட். இத்தாலியப் பாலாடைக்கட்டியான பார்மசானிலும் அதே நிலைதான். குழம்புகளில் ஒயின் சேர்ப்பது அன்றாட வழக்கம்.

வெங்காயம், பூண்டு தவிர்ப்போருக்கு நிலைமை இன்னும் கடினம். வெங்காயமும் லீக்கும் சிறுவெங்காய வகையான ஷாலட்டும் இல்லாத பிரெஞ்சுச் சாறு மிக அரிது. இறைச்சியை நீக்கிய சமையலறைகள் உமாமிக்காக அவற்றையே கூடுதலாகச் சார்ந்திருக்கின்றன.

ஆகவே, இடம் பதிவு செய்யும்போதே 'சைவம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், எவை கூடாது என்பதைப் பொருள் பொருளாக எழுதி அனுப்ப வேண்டும்: இறைச்சிச் சாறு, மீன், முட்டை, ஜெலட்டின், ரென்னட் சேர்ந்த பாலாடைக்கட்டி, மது என்று எவையெவை உங்களுக்கு ஆகாதோ அவற்றை மட்டும். பெரிய உணவகங்கள் இதை இடையூறாகக் கருதுவதில்லை. தனித்தட்டு அமைப்பது அவர்களின் அன்றாட வேலை. மேசையில் அமர்ந்த பிறகு சொன்னால்தான் சிக்கல், ஏனெனில் சாறுகள் அதிகாலையிலேயே அடுப்பேறிவிடுகின்றன. அவ்வாறு எழுதும்போது மதிய நேரத்தையே கேட்டுப் பதிவு செய்வது நல்லது. எடுத்துக்காட்டாக, ஆர்பேஜில் மதியத்திற்கும் இரவுக்கும் சமையலறையும் தோட்டமும் அவையே. மதியக் கட்டணம் மட்டும் குறைவு. காலை ரயிலில் வந்த காய்களும் அப்போதுதான் மேசையை முதலில் எட்டுகின்றன.